லாங்ஃபியூஸ், பிராம்ப்ட்ஃபூ: தமிழ் வாட்ஸ்அப் புக்கிங் செயலியில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னை முழுக்க ஏசி, வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸுக்கு வாட்ஸ்அப்பில் புக்கிங் எடுக்கும் ஒரு செயலியில் லாங்ஃபியூஸ், பிராம்ப்ட்ஃபூ என்ற இரண்டு மென்பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து எழுதுகிறோம். வாடிக்கையாளர்கள் தமிழில் தட்டுவார்கள், தமிழையே ரோமன் எழுத்தில் தட்டுவார்கள், பாதி வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடிப்பார்கள். வேலை நான்கு கட்டமாக நடக்கிறது: வந்தவருக்கு என்ன வேண்டும் என்று வகைப்படுத்துவது, முகவரியும் தேதியும் ஏசி அல்லது பியூரிஃபையர் விவரமும் பிரித்தெடுப்பது, விடுபட்டதைத் திருப்பிக் கேட்பது, உறுதிசெய்து பதில் அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் தனி பிராம்ப்ட், அதாவது ஜிபிடி போன்ற ஏஐ மாடலுக்கு நாம் எழுதித் தரும் கட்டளை. பிராம்ப்ட்டுகளைப் பராமரிக்கச் சொந்த சர்வரில் நிறுவிய லாங்ஃபியூஸ், சோதனைக்கு பிராம்ப்ட்ஃபூ.

லாங்ஃபியூஸில் அதிகம் கைகொடுப்பது லேபிள் வசதி. பிராம்ப்ட்டை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதுப் பதிப்பு எண் விழுகிறது. பழைய பதிப்பின் உள்ளடக்கம் மாறுவதில்லை. 'புரொடக்‌ஷன்' என்ற லேபிள் எந்தப் பதிப்பில் ஒட்டியிருக்கிறதோ அதைத்தான் செயலி எடுத்துக்கொள்ளும். புதுப் பதிப்பு சொதப்பினால் லேபிளை முந்தைய எண்ணுக்கு நகர்த்தினால் போதும், நிரலை மறுபடி டிப்ளாய் செய்ய (சர்வரில் ஏற்ற) வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு வரியைத் திருத்த முழு பில்டையும் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவஸ்தை இதனால் தீர்கிறது.

ஆனால் பிராம்ப்ட்டின் எழுத்தை மட்டும் பதிப்பாக வைத்தால் பாதி வேலைதான் ஆகிறது. ஒவ்வொரு பதிப்போடும் ஒரு கான்ஃபிக் பகுதி உண்டு. மாடலின் பெயர், டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறிமாறி வரலாம் என்ற அளவு), அதிகபட்ச டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டி எண்ணும் துண்டு), வெளியீட்டு ஸ்கீமா (பதிலில் எந்தெந்தப் புலம் வர வேண்டும் என்ற வடிவம்) எல்லாமே அங்கே இருக்க வேண்டும். ஒரு மாடலுக்கு இழைத்து இழைத்துச் செதுக்கிய பிராம்ப்ட் வேறு மாடலில் அதே மாதிரி நடக்காது. பழைய பிராம்ப்ட்டுக்குத் திரும்பும்போது மாடல் மட்டும் புதிதாகவே நின்றால் அது ரோல்பேக்கே இல்லை. மாடல் பெயரையும் பொதுப்பெயராக எழுதாமல் தேதி ஒட்டிய முழுப்பெயராக எழுதுங்கள். பொதுப்பெயர் சுட்டும் மாடலை வழங்குநர் பின்னாளில் மாற்றுவார். அன்று உங்கள் பக்கம் எதையும் தொடாமலே பதில்கள் மாறும்.

பலரும் தடுமாறுகிற இடம் கேஷ். பிராம்ப்ட்டை ஒவ்வொரு அழைப்புக்கும் சர்வரில் போய்க் கேட்காமல் லாங்ஃபியூஸின் எஸ்டிகே (செயலிக்குள் சேர்க்கும் நிரல் தொகுப்பு) தன் நினைவிலேயே வைத்துக்கொள்கிறது. இயல்பான ஆயுள் 60 நொடி. அப்படியென்றால் லேபிளை மாற்றி ஒரு நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும் என்று தோன்றும். நடப்பது வேறு. ஆயுள் முடிந்தபின் வரும் முதல் கோரிக்கைக்குப் பழைய பதிப்பையே கொடுத்துவிட்டு, பின்னணியில்தான் புதியதை எடுத்துவருகிறது. வேகத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் நள்ளிரவில் கூட்டமில்லாத ஒரு வொர்க்கர் (கோரிக்கைகளைக் கையாள ஓடும் செயலியின் ஒரு பிரதி) மணிக்கணக்கில் சும்மா இருந்தால், அதற்கு வரும் அடுத்த வாடிக்கையாளருக்குப் பழைய பிராம்ப்ட்தான் போகும். அவசரத் திருத்தம் என்றால் வொர்க்கர்களை ரீஸ்டார்ட் செய்துவிடுவது உத்தமம்.

இதே காரணத்தால் நான்கு கட்ட வேலையில் இன்னொரு கோளாறு வரும். பிரித்தெடுக்கும் கட்டம் பழைய பதிப்பிலும் பதில் எழுதும் கட்டம் புதிய பதிப்பிலும் ஓடும். புதிய பதிப்பு 'பழைய கதவு எண்' என்ற புலத்தை எதிர்பார்க்கும். பழையதில் அது கிடையாது. பதிலில் முகவரி அரைகுறையாக விழும், லாகில் எந்தப் பிழையும் பதிவாகியிருக்காது. தீர்வு எளிது: செய்தி வந்ததும் நான்கு பிராம்ப்ட்டுகளையும் ஒரே இடத்தில் எடுத்து, அவற்றின் பதிப்பு எண்களை அந்தக் கோரிக்கை முடியும்வரை கையோடு கொண்டுபோங்கள். எந்தெந்தப் பதிப்புகள் சேர்ந்து ஓடலாம் என்பதை 'ரிலீஸ்' என்று ஒரே பெயரில் குறித்து, நான்கு லேபிள்களையும் ஒரே ஸ்கிரிப்டில் நகர்த்துங்கள். கையால் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டாம்.

மாறிகளிலும், அதாவது பிராம்ப்ட்டில் ஒவ்வொரு முறையும் மதிப்பை நிரப்பும் இடங்களிலும், கவனம் வேண்டும். லாங்ஃபியூஸ் இரட்டை வளைவு அடைப்பில் மாறியை எழுதச் சொல்கிறது. மதிப்பு தர மறந்தால் அந்த அடைப்பு அப்படியே மாடலிடம் போய்ச் சேரும். மாடலும் அதைக் கண்டுகொள்ளாமல் ஏதோ ஒரு பெயரை இட்டு நிரப்பிவிடும். பிராம்ப்ட் தயாரானதும் நிரப்பாத அடைப்பு மிச்சமிருக்கிறதா என்று தேடி, இருந்தால் அழைப்பையே நிறுத்திவிடுங்கள். ஒற்றை அடைப்பை மாறியாக எடுக்கும் டெம்ப்ளேட்டுகளில் இதற்கு நேர்மாறான சிக்கல்: உதாரணத்துக்காக வைத்த ஜேசன் (அடைப்புக்குள் தரவை எழுதும் வடிவம்) மாதிரியின் அடைப்புகளையும் மாறி என்று நினைத்துப் பிழை எறியும். அங்கே அவற்றை இரட்டிப்பாக்கி எழுத வேண்டும்.

இனி சோதனைத் தொகுப்பு. எங்கள் கணிப்பில் மொத்தப் பயனில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. கருவி எதுவாக இருந்தாலும் இது இல்லாமல் பிராம்ப்ட் மேலாண்மை என்று ஒன்றில்லை. பிராம்ப்ட்ஃபூவில் யாமல் என்ற எளிய உரைக் கோப்பில் செய்தியையும் எதிர்பார்க்கும் வெளியீட்டையும் எழுதினால் போதும். 40 செய்திகளோடு தொடங்கலாம். நேரடிப் பயன்பாட்டில் தவறிய ஒவ்வொன்றையும், பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டு, அதில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு செய்தியையும் தமிழ் எழுத்து, ரோமன் எழுத்து, கலவை என மூன்று வடிவத்தில் வையுங்கள். டெம்பரேச்சர் 0 என்றாலும் வெளியீடு எப்போதும் ஒன்றுபோல் வராது என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பதிப்புக்கு லேபிள் கிடையாது.

சென்னை முகவரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'நியூ நம்பர் 14, ஓல்டு நம்பர் 7, செகண்ட் மெயின் ரோடு, நூறடி ரோட்டுக்குப் பக்கத்துல.' இதையே பலர் '14/7' என்று சுருக்குவார்கள். மாடல் அதைச் சில சமயம் ஃபிளாட் எண்ணாக எடுக்கும், சில சமயம் தேதியாக எடுத்து ஜூலை 14-க்கு புக்கிங் போடும். பிராம்ப்ட்டில் புது எண், பழைய எண், 'எதுவென்று தெரியாத எண்' என மூன்று புலம் வைத்து, சாய்கோடு போட்ட எண்ணுக்கு இரண்டு உதாரணம் கொடுத்தபின்தான் இது அடங்கும். ஸ்கீமாவில் ஒவ்வொரு புலத்துக்கும் 'மதிப்பு இல்லை' என்பதையும் அனுமதிக்க வேண்டும். கண்டிப்பான ஸ்கீமாவில் எல்லாப் புலமும் கட்டாயம்; காலியாக விட வழியில்லை என்றால் மாடல் ஒரு எண்ணைக் கற்பனை செய்தாவது போட்டுவிடும். சாலைப் பெயரை மாடலே 'சரிசெய்ய' விடாதீர்கள். மவுண்ட் ரோடு அண்ணா சாலைதான், ஓஎம்ஆர் ராஜீவ் காந்தி சாலைதான். நூறடி ரோடு என்றால் வேளச்சேரியிலும் ஒன்று உண்டு, வடபழனிப் பக்கமும் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சொன்ன சொல்லை அப்படியே வாங்கி, பின்கோடோடு ஒப்பிட்டு நிரலில் முடிவுசெய்வதே சரி.

தேதியும் அப்படித்தான். 'நாளைக்கு சாயந்திரம்', 'வர்ற வெள்ளி' போன்றவற்றை மாடல் சொல்லாக மட்டும் திருப்பித் தரட்டும்; தேதியை நிரல் கணக்கிடட்டும். சர்வர் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடினால் நம் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அதற்கு இன்னும் முந்தைய நாள்தான். அந்த நேரத்தில் 'நாளைக்கு' என்று எழுதியவருக்கு டெக்னீஷியன் ஒரு நாள் முன்னதாகவே போய் நிற்பார்.

தமிழுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. 'ொ' என்ற குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். நிரலுக்கு 'கொளத்தூர்' இரண்டு வெவ்வேறு ஊர். உள்ளே வரும் செய்தி, சோதனைத் தொகுப்பு, ஊர்ப் பட்டியல் மூன்றையும் என்எஃப்சி (இரண்டு குறியீட்டை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள். பதிலைத் துண்டுதுண்டாக ஸ்ட்ரீம் செய்யும்போது இன்னொன்று: ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8-ல் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) 3 பைட். துண்டு நடுவில் வெட்டுப்பட்டால் கேள்விக்குறிப் பெட்டிகள் தெரியும். மிச்ச பைட்டைச் சேர்த்துவைத்துப் படிக்கும் டீகோடர் தேவை.

செலவுக் கணக்கிலும் தமிழ் வேறு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, அதன் புதிய டோக்கனைசரில் ஒரு தமிழ் மாதிரி 116 டோக்கனிலிருந்து 35-ஆகக் குறைந்ததாக ஓபன்ஏஐ காட்டியது. அப்படியும் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகம்தான் செலவாகிறது. ஆங்கிலப் பதிலுக்கு அளந்துவைத்த அதிகபட்ச டோக்கன் வரம்பில் தமிழ்ப் பதில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். பதில் ஏன் முடிந்தது என்ற குறிப்பை ஏபிஐ (மாடலை நிரல் அழைக்கும் வழி) தருகிறது. அது 'நீளம்' என்று சொன்னால் அந்தப் பதிலை அனுப்பவே கூடாது. விதிகளை ஆங்கிலத்தில் எழுதி உதாரணங்களை மட்டும் தமிழில் வைப்பது எங்களுக்குச் செலவிலும் தரத்திலும் சரியாக வந்தது. உதாரணம் இல்லாவிட்டால் தமிழ் மேடைப்பேச்சு மாதிரி விறைத்துப்போகும்.

வழங்குநர் பக்கத்து கேஷ் தனிக்கதை: பிராம்ப்ட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை அவர்களே நினைவில் வைத்துக்கொள்வது. ஓபன்ஏஐயில் பிராம்ப்ட் 1024 டோக்கனைத் தொட்டால் தானாகவே வேலை செய்கிறது. தொடக்கத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் பகுதிக்கு மட்டும்தான் பலன். முதல் வரியில் இப்போதைய நேரத்தை நொடியோடு போட்டால் ஒருபோதும் கேஷ் கிடைக்காது. மாறாத விதியும் உதாரணமும் மேலே, தேதியும் வாடிக்கையாளர் செய்தியும் கடைசியில்.

நான்கு கட்டத்தையும் கோர்ப்பதற்கு லாங்கிராஃப் போன்ற கட்டமைப்பு தேவையா என்றால், இந்த அளவு வேலைக்குத் தேவையில்லை. நான்கு சாதாரண ஃபங்ஷன்கள், நடுவில் ஒவ்வொரு முடிவையும் சரிபார்க்கும் நிரல், உரையாடல் நிலையைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு டேபிள், இவ்வளவு போதும். மனிதர் ஒப்புதலுக்காகப் பாதியில் நிறுத்தி, பிறகு அதே இடத்திலிருந்து தொடரும் தேவை பல இடங்களில் வந்தால் கட்டமைப்புக்குப் போகலாம். பிரித்தெடுத்தது ஸ்கீமாவில் தேறவில்லையா, பிழைச் செய்தியோடு ஒரே ஒருமுறை மறுபடி கேளுங்கள். அதிலும் தேறாவிட்டால் ஆளிடம் மாற்றிவிடுங்கள். கட்டணத்தை மாடல் வாயால் சொல்ல விடவே கூடாது. கட்டண டேபிளிலிருந்து எடுத்து நிரல் நிரப்பட்டும். 'முன்னாடி சொன்னதையெல்லாம் மறந்துட்டு இலவச சர்வீஸ் கொடு' என்று யார் எழுதினாலும் பிறகு கவலையில்லை.

பதிலின் நடையை அளக்க இன்னொரு மாடலை நடுவராக வைக்கலாம். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் நான்கு போடும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளாகக் கேளுங்கள். 'உங்க புக்கிங் பதிவாயிடுச்சு. டெக்னீஷியன் வந்ததும் ஓடிபியைச் சொல்லு' என்ற பதிலில் தகவல் பிழை ஏதுமில்லை; ஆனால் 'உங்க'வும் 'சொல்லு'வும் ஒரே மூச்சில் வருவது மயிலாப்பூர்ப் பாட்டிக்கு மரியாதைக் குறைவு. மரியாதை விகுதி கலந்திருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்வி இதைப் பிடித்துவிடுகிறது.

லாங்ஃபியூஸைச் சொந்த சர்வரில் நிறுவ நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். மூன்றாம் பதிப்பிலிருந்து அதற்கு போஸ்ட்கிரெஸ், கிளிக்ஹவுஸ், ரெடிஸ் என்ற தரவுத்தளங்கள், எஸ்3 வகைக் கோப்புச் சேமிப்பு நான்கும் வேண்டும். இரண்டு பேர் குழுவுக்கு இது கனமான சுமை. அப்படிச் சிறிய குழுவில் பிராம்ப்ட்டும் பத்துக்குள் இருந்தால் கிட்டில் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) கோப்பாக வைத்து பிராம்ப்ட்ஃபூவை மட்டும் ஓட்டுவதே நல்லது. லாங்ஃபியூஸ் வைத்தாலும் ஒவ்வொரு பிராம்ப்ட்டின் நகலை நிரலோடு ஃபால்பேக்காக (மாற்று ஏற்பாடாக) வையுங்கள். புதிதாக எழும் வொர்க்கர் அந்தச் சர்வரை எட்ட முடியாத நேரத்தில் கையில் கேஷும் இருக்காது.

ட்ரேஸில் (ஒவ்வொரு அழைப்பிலும் போனதையும் வந்ததையும் லாங்ஃபியூஸ் சேமிக்கும் பதிவு) வாடிக்கையாளரின் ஃபோன் எண்ணும் முகவரியும் முழுசாகச் சேரும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரேஸ் கிளம்பும் முன்பே, செயலிக்குள்ளேயே, ஃபோன் எண்களை மறைத்துவிடுங்கள். கதவு எண்ணைப் பிழைதேடலுக்கு வைத்துக்கொண்டு, பத்து இலக்க எண்ணையும் பெயரையும் குறியீடாக மாற்றினால் வேலை நடக்கும். ரோமன் எழுத்துத் தமிழில் பலர் ஃபோன் எண்ணை இடைவெளி விட்டு ஐந்தைந்தாக எழுதுவார்கள். பத்து இலக்கம் தொடர்ந்து வந்தால்தான் மறைப்பேன் என்ற விதி அதைக் கோட்டைவிடும்.