சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்

மச்சானுக்கு மூளையில் கட்டி. ஆபரேஷனுக்கு முன் நரம்புப் பாதைப் படம், அதாவது மூளைக்குள் நரம்பு நார்கள் ஓடும் வழியைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், வேண்டும் என்றார்கள். ஏற்காட்டிலிருந்து கூட்டி வந்து இங்கே எடுத்தோம். பில் போடும் இடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. ஆனால் ரேடியாலஜிஸ்ட் அம்மா அருமை. சிவப்பு என்றால் இடம்-வலமாக ஓடும் நார்கள், பச்சை முன்-பின், நீலம் மேல்-கீழ் என்று திரையில் காட்டினார். "இது நரம்பைப் பிடிச்ச போட்டோ இல்லீங்க. தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. நார்கள் குறுக்க வெட்டிக்கிற இடத்துல, கட்டியைச் சுத்தி வீங்கின இடத்துல தப்பு வரும்" என்றார். நிஜம்தான். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 20 ஆய்வுக் குழுக்கள் இப்படிப் பாதை வரையும் முறைகளைச் சோதித்தபோது பெரும்பாலானவை இல்லாத பாதைகளையும் நிறைய வரைந்திருந்தன. இதை வாய்விட்டுச் சொல்லும் சென்டர் எத்தனை? படங்கள் பதிந்த சிடியை மட்டும் மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அது ரொம்பவே அநியாயம்.