சமையலறைத் தராசு: மரச்சீனிக்குச் சரி, எண்ணெய்க்குக் கவனம்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் 5 கிலோ டிஜிட்டல் தராசு, எடை குறைக்க நினைப்பவர்களுக்கு உண்மையிலேயே உதவும். அரிசியையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) வேகவைக்கும் முன்பே நிறுக்க வேண்டும். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 350 கலோரி. நீர் உறிஞ்சிய 100 கிராம் சோற்றில் 130தான். இதைக் குழப்பினால் கணக்கே தலைகீழ்.

குறை தேங்காயெண்ணெயில்தான். மெல்ல ஊற்றினால் 2, 3 கிராமை இந்தத் தராசு கவனிக்காது. ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் அது சின்ன விஷயமில்லை. எண்ணெய்ப் பாட்டிலையே தட்டில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கும் 'டேர்' பொத்தானை அழுத்துங்கள். பாட்டிலை எடுத்து ஊற்றி, திரும்ப வைத்தால் மைனஸில் காட்டுவதே செலவான எண்ணெய்.

தராசைத் துணிமேல் வைத்தால் எடை தப்பும். நேந்திரங்காய் சிப்ஸுக்கும் இதே தராசு போதும்: 30 கிராமிலேயே சுமார் 150 கலோரி.