வகுப்பைக் கட்டியவர், ஊரைக் கட்டியவர்

பத்தமடை என்றால் நமக்குப் பாய்தான் ஞாபகம் வரும். ரிஷிகேசத்து சிவானந்தரும் அந்த ஊர்க்காரர்தான். மலாயாவில் டாக்டராக இருந்தவர், கங்கைக் கரையில் போய் உட்கார்ந்து 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் அமெரிக்கா போனதில்லை. சீடர்கள் போனார்கள். அவர்களில் விஷ்ணுதேவானந்தர், சச்சிதானந்தர் இருவரும் ஒரே குருவிடம் கற்ற யோகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேறு காரியங்களைச் செய்தார்கள்.

விஷ்ணுதேவானந்தர் கேரளத்துக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். அந்த மிடுக்கு கடைசிவரை போகவில்லை என்று தோன்றுகிறது. 1957இல் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியவர், அப்புறம் மாண்ட்ரியலை மையமாக்கிக்கொண்டார். யோகத்தை ஐந்தாகச் சுருக்கினார்: சரியான உடற்பயிற்சி, மூச்சு, தளர்வு, சைவ உணவு, நல்ல சிந்தனையும் தியானமும். வகுப்பு என்றால் பன்னிரண்டு ஆசனம்; தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் தொடங்கித் திரிகோணாசனத்தில் முடியும். அவருடைய ஆசிரமங்களான கனடாவின் வால்-மோரினில் செய்தாலும் கேரளத்து நெய்யாறு அணையில் செய்தாலும் வரிசை மாறாது. 1969இல் நான்கு வார ஆசிரியர் பயிற்சியையும் ஆரம்பித்தார். மேற்கில் இப்படிப்பட்ட பயிற்சிகளில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று. என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை இதுதான். குரு எதிரில் இல்லாமலேயே வகுப்பு நடக்கும்படி செய்துவிட்டார். நம்மூர் இட்லி மாவு மாதிரி, அளவு தெரிந்தால் யார் அரைத்தாலும் வரும்.

சச்சிதானந்தர் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்து ராமசாமி. கல்யாணம், இரண்டு மகன்கள், வேலை என்று குடும்பஸ்தராக வாழ்ந்தவர். மனைவி இறந்த பிறகுதான் தேடல் தீவிரமானது. 1949இல் சந்நியாசம், 1953இலிருந்து இலங்கையில் திருகோணமலை, கண்டி. 1966இல் ஓவியர் பீட்டர் மேக்ஸ் அழைத்து நியூயார்க் போனார். சில நாள் தங்கிவிட்டு வரப் போனவரை ஊர் விடவில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரபல வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் அவர்தான். கடல்போல் கூடியிருந்த இளைஞர்கள் முன்னால் காவி உடையும் தாடியுமாக ஒரு கொங்கு நாட்டுக்காரர்!

அவருடைய பாணியில் வரிசையைவிட மனிதருக்கு இடம் அதிகம். வகுப்பு மெதுவாகப் போகும், படுத்தபடி உடம்பை முழுக்கத் தளர்த்தும் யோக நித்திரையில் ஆழ்ந்து முடியும். பலர் ஒரு மணி நேர வகுப்போடு திருப்திப்படாமல் கூடவே வாழ வந்தார்கள். அதனால்தான் அமெரிக்காவில் வர்ஜீனியாவின் பக்கிங்ஹாமில் ‘யோகாவில்’ (Yogaville) என்ற பெயரில் ஒரு ஊரே உருவானது. அங்கே ஜேம்ஸ் ஆற்றங்கரையில் 1986இல் தாமரை வடிவக் கோயில் ஒன்று திறந்தார். ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு பீடம். நமக்கு இன்னும் தெரியாத மதங்களுக்கும் ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பீடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சமாதானம் பற்றி இருவரும் பேசினார்கள். ஆனால் விஷ்ணுதேவானந்தர் பேசுவதோடு நிற்காமல் விமானம் ஓட்டினார். 1971இல் கலவரம் மூண்டிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போனார், எகிப்தும் இஸ்ரேலும் எதிரெதிரே நின்ற சூயஸ் கால்வாய் மேலும் பறந்தார். 1983இல் சின்ன விமானத்தில் பெர்லின் சுவரைத் தாண்டிக் கிழக்கே இறங்கினார். பிடித்து விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். 1971 விமானத்துக்கு வண்ணம் தீட்டியது யார் தெரியுமா? அதே பீட்டர் மேக்ஸ்தான்.

சரி, கசப்பான பகுதியையும் சொல்லியாக வேண்டும். இருவர் மீதும் பாலியல் புகார்கள் எழுந்தன. சச்சிதானந்தர் மீது 1991இல், அவர் மறுத்தார். விஷ்ணுதேவானந்தர் மீது அவர் இறந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2019இல். அவருடைய நிறுவனமே அமர்த்திய விசாரணையாளர் புகார்களை நம்பத்தக்கவை என்றார். குருவின் படம் எல்லா அறையிலும் தொங்கும் இடத்தில், புகார் சொல்பவர் யாரிடம் போவார்? முறையைக் கட்டியவர், ஊரைக் கட்டியவர் என்று நான் பிரித்த பிரிப்பு இந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

எனவே ஆளைப் பார்த்து நான் தேர்வு செய்ய மாட்டேன். யோகம் கற்பிக்கப் போகிறேன், ஒரு மாதம் விடுப்பு இருக்கிறது என்பவருக்கு நெய்யாறு அணை. விடிகாலை சத்சங்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, வெங்காயம் பூண்டு கிடையாது. முதல் வாரம் திணறும், முறை பிடிபட்டுவிடும். முதுகு பிடித்தவர், ஐம்பதைத் தாண்டியவர், தலைகீழாக நிற்கப் பயப்படுபவர் சச்சிதானந்தர் வழியில் போகலாம். தாமரைக் கோயிலைப் பார்க்க வர்ஜீனியாவுக்கு விசா எடுக்கவும் வேண்டாம். செட்டிப்பாளையத்திலேயே ஒன்று கட்டியிருக்கிறார்கள்.