ஊட்டியில் லென்ஸ் பூஞ்சைக்கும் பழைய நெகட்டிவுக்கும் நம்பிப் போகலாம்

மலையில் கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பூஞ்சையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆடி மழையில் பையைத் திறக்காமல் விட்டால் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் படர்ந்துவிடும். குன்னூரில் இதற்கு ஆள் கிடைக்காமல் லென்ஸைக் கோவைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஊட்டி கமர்ஷியல் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்னக் கடைக்குத்தான் போகிறேன்.

கடைக்காரர், இந்து நகர் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் தரப் பரிசோதனையில் இருந்தவர். 1960இல் உருவான அரசு நிறுவனம் அது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடு முழுக்கப் போயின. நிறுவனம் நொடித்த காலத்தில் விருப்ப ஓய்வில் வெளியே வந்திருக்கிறார்.

"மளிகைக் கடை போடு, ஆட்டோ வாங்கி ஓட்டுன்னுதான் எல்லாரும் சொன்னாங்கம்மா" என்றார். அவரோ ஒரு நோட்டை எடுத்து, பதவியின் பெயரை விட்டுவிட்டு, தன் கைக்கு என்னென்ன வரும் என்று எழுதியிருக்கிறார். இருட்டில் தடவியே வேலை செய்ய வரும். தூசு, கீறல், குமிழி எதுவும் கண்ணுக்குத் தப்பாது. கரைசலை அளந்து கலக்க வரும். அறையின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க வரும். இதெல்லாம் யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்துத்தான் லென்ஸுக்கு வந்தாராம். லென்ஸைப் பிரித்துக் கோர்ப்பது மட்டும் தெரியாது. அதை ஒரு கேமரா மெக்கானிக்கிடம் உதவியாளாக இருந்து கற்றிருக்கிறார். சென்னையில் வேலை போய் உட்கார்ந்திருக்கும் என் தம்பி மகனுக்கு அன்றிரவே போன் செய்து இந்த நோட்டுக் கதையைச் சொன்னேன்.

இனி அவர் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். லென்ஸை வாங்கியதும் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார். பூஞ்சை மேலாகப் படர்ந்திருந்தால் போய்விடும்; அதன் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். நான் கொடுத்ததில் ஒன்றை, "இதுக்குக் காசு செலவழிக்காதீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மற்றது பளிச்சென்று வந்தது, 800 ரூபாய்.

என்னை அசத்தியது நெகட்டிவ் வேலைதான். அப்பா எஸ்டேட்டில் டீ மேக்கராக, அதாவது ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராக இருந்தவர், ஃபேக்டரியையும் கொழுந்து பறிப்பவர்களையும் எடுத்த சுருள்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. டின்னைத் திறந்ததும் முகர்ந்து பார்த்து, வினிகர் வாடை அடித்த சுருள்களைத் தனியே எடுத்து வைத்தார். ஃபிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கினால் அந்த வாடை வரும், அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்றார். பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, மங்கலான பக்கத்தில் விரல் படாமல் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். அந்தப் பக்கத்தில்தான் ஜெலட்டினும் வெள்ளியும் இருக்கின்றன. ஈரம் பட்டால் ஊறி இளகிவிடும், உரியவும் கூடும். அப்பா எடுத்த விதரிங் டிரஃப் (கொழுந்தைப் பரப்பி வாடவைக்கும் நீளத் தொட்டி) படத்தில் கொழுந்தின் நரம்பு வரைக்கும் தெரிகிறது. எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் மனசு நிறைகிறது.

குறையும் உண்டு. ரொம்ப மெதுவாகச் செய்வார். சீசன் நேரத்தில் மாதக் கணக்கில் ஆகும். கலர் நெகட்டிவில் நிறம் கொஞ்சம் நீலமாக வருகிறது, கறுப்பு வெள்ளையில் இருக்கும் தேர்ச்சி அதில் இல்லை. ஆட்டோஃபோகஸ் மோட்டார் பழுதென்றால் தொடமாட்டார்.

போகும்போது தோல் பையில் கொண்டுபோகாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு எடுத்துப் போங்கள். பழைய நெகட்டிவ் இருந்தால் இந்த மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.