லாம்பார்டு தெரு: ஓட்டுபவருக்கு இரண்டு ஸ்டார், நடப்பவருக்கு நாலரை

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் வந்த சொந்தக்காரர் யாரிடம் போனை வாங்கிப் பார்த்தாலும் இரண்டு படம் கண்டிப்பாக இருக்கும். ஒன்று கோல்டன் கேட் என்கிற அந்தச் சிவப்புப் பாலம், இன்னொன்று பாம்பு மாதிரி நெளிந்து இறங்கும் இந்த லாம்பார்டு தெரு. நாங்கள் ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு தடவை போனோம், சனிக்கிழமை மதியம் காரில், செவ்வாய்க்கிழமை காலை நடந்து. இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி இருந்தது, அதனால்தான் மார்க்கையும் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். லாம்பார்டு என்பது நீளமான தெரு, அதன் மேற்குப் பக்கம் சாதாரண நெடுஞ்சாலை மாதிரி லாட்ஜுகளும் சிக்னலுமாகப் போகும். எல்லோரும் பார்க்க வருவது ரஷ்யன் ஹில்லில் ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் நடுவே இருக்கிற ஒரே ஒரு பிளாக். அதில் எட்டு வளைவு, சிவப்புச் செங்கல் தளம், நடுவில் ஹைட்ரேஞ்சியாச் செடிகள். மேலிருந்து கீழே ஒருவழிதான். மேப்பில் வெறுமனே 'லாம்பார்டு தெரு' என்று போட்டால் சில நேரம் லாட்ஜ் பக்கம் கொண்டுபோய் விடும், எங்களையும் விட்டது.

சனிக்கிழமை கதையைச் சொல்கிறேன். வாடகைக் கார், ஓட்டுவது நான், பக்கத்து சீட்டில் மாமனார், பின்னால் மனைவியும் பையனும். மாமனார் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதில் பல வருஷம் கொல்லிமலை ரூட். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. இங்கே எட்டு என்று நான் சொன்னதும் "எட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வளைவு வருவதற்கு முன்னாலேயே ஏற்றம் வந்துவிட்டது, அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஹைட் தெரு உச்சியை மேற்கிலிருந்து தொட வேண்டுமென்றால் லாம்பார்டிலேயே செங்குத்தாக ஏற வேண்டும், அந்த ஏற்றத்தில்தான் வரிசை நிற்கிறது. நாற்பது நிமிஷம் நின்றோம். ஒரு கார் நீளம் நகர்ந்து பிரேக், மறுபடி ஒரு கார் நீளம், மறுபடி பிரேக், முன்னால் வானம் மட்டும் தெரிகிறது, பின்னால் ஒருவர் பம்பரை முத்தமிடும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். ஆட்டோமேட்டிக் கார்தான், பின்னால் உருளாது என்று தெரியும், ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிற அந்த ஒரு நொடியில் வயிற்றைக் கலக்கியது. மாமனார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை, ஏத்தத்துல நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்கிறதுதான் டிரைவருக்குப் பரீட்சை. அந்தப் பக்கம் சும்மா உருள்றதுதானே?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உச்சியிலிருந்து இறங்க ஆரம்பித்த பிறகு நடந்தது எனக்குப் பாதி ஞாபகம் இல்லை. ஸ்டியரிங்கை இடது கோடிக்கு ஒடி, வலது கோடிக்கு ஒடி, முன்னால் போகிறவர் திடீரென்று நின்று ஜன்னல் வழியாகச் செல்பி எடுக்கிறார், நீயும் நில், அப்புறம் மறுபடி ஒடி. வேக வரம்பு மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். வளைவுகளோடு சேர்த்து நீளம் சுமார் 600 அடி, நிற்காமல் போனால் ஒன்றரை நிமிஷம் கூட ஆகாது. எங்களுக்கு நாலு நிமிஷம் ஆகியிருக்கும். பூவைப் பார்த்தேனா என்று கேட்டால், முன்னால் போன காரின் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தேன். பின் சீட்டில் பையன் எடுத்த வீடியோவில் முக்கால்வாசி என் தலை. இதற்கு நாற்பது நிமிஷமா? இரண்டு ஸ்டாரே அதிகம், கீழே இறங்கியதும் பையன் "இன்னொரு ரவுண்டு போலாம்பா" என்று கெஞ்சியதற்காகத்தான் அதுவும்.

செவ்வாய்க்கிழமை காரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, ரோட்டுத் தண்டவாளத்தில் ஓடுகிற கேபிள் காரில் போனோம். பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கிற இடத்தில் திருப்புமேடை இருக்கிறது, அங்கே ஏறலாம். ஆனால் பவல்-மேசன், பவல்-ஹைட் என்று இரண்டு வண்டி அங்கிருந்தே கிளம்பும், நீங்கள் பார்த்து ஏற வேண்டியது பவல்-ஹைட். டிக்கெட் நாங்கள் போனபோது ஒரு தடவைக்கு 8 டாலர். நாலு பேர் என்றால் நெஞ்சு அடைக்கும், நாள் முழுக்கச் சுற்றுவதாக இருந்தால் ஒருநாள் பாஸ் எடுத்துவிடுங்கள். காலை எட்டரைக்குப் போனால் வரிசை இல்லை, பத்து மணிக்கு மேல் போனால் நான் பொறுப்பில்லை.

இந்த கேபிள் காருக்குத் தனியாகவே ஒரு விமர்சனம் எழுதலாம். வண்டியில் என்ஜினே கிடையாது. ரோட்டுக்கு அடியில் ஒரு இரும்புக் கயிறு மணிக்கு 9.5 மைல் வேகத்தில் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓட்டுகிறவர் ஒரு பெரிய லிவரை இழுத்து அந்தக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கிறார், வண்டி நகர்கிறது, விட்டால் நிற்கிறது. 1873இலிருந்து இந்த ஊரில் இதே வித்தைதான். மாமனார் உட்காரவே இல்லை, ஓட்டுகிறவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். இறக்கத்தில் பிடிக்க மூன்று விதமான பிரேக் இருக்கிறது என்று அவரே சைகையிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். சக்கரத்தைப் பிடிப்பது ஒன்று, மரக்கட்டையைத் தண்டவாளத்தின் மேல் அழுத்துவது ஒன்று, ஆபத்துக்கு ரோட்டுப் பிளவுக்குள் இரும்பு ஆப்பை இறக்குவது ஒன்று. மரக்கட்டை என்றதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை அந்தச் சிவப்புப் பாலம் முன்னால் கூட நான் பார்க்கவில்லை.

ஹைட் தெருவில் லாம்பார்டு உச்சியிலேயே ஸ்டாப். இறங்கினால் கிழக்கே எதிர்மலை மேல் காயிட் கோபுரம் வெள்ளையாகத் தெரிகிறது, வடக்கே ஹைட் தெரு அப்படியே கடலுக்குள் விழுகிற மாதிரி இறங்க, அந்தப் பக்கம் அல்கட்ராஸ் தீவு. நாங்கள் இறங்கியபோது தீவு பனிமூட்டத்துக்குள் இருந்தது, அரை மணி கழித்துத்தான் வெளியே வந்தது. ஜூன் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போகாதீர்கள், இந்த ஊரில் கோடைக் காலைதான் குளிரும். மனைவி முன்யோசனையாக எல்லோருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வந்திருந்தாள், நான் வேண்டாம் என்றேன், அப்புறம் மாமனாருடையதைப் போட்டுக்கொண்டேன்.

தெருவின் இரண்டு ஓரத்திலும் நடப்பவர்களுக்குப் படிக்கட்டு உண்டு. இதுதான் இந்த இடத்தின் உண்மையான முன்வரிசை சீட், அதுவும் ஓசியில். நாலு படி இறங்கி நின்றால் மேல் வளைவில் கார் திரும்புவதும் கீழ் வளைவில் இன்னொரு கார் எதிர்த் திசையில் திரும்புவதும் ஒரே பார்வையில் தெரியும், பொம்மை விளையாட்டு மாதிரி. ஹைட்ரேஞ்சியா ஜூனில் நன்றாகப் பூத்திருந்தது, இளஞ்சிவப்பும் நீலமும். காரில் போனபோது இவ்வளவு பூவா இருந்தது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தெரு ஏன் இப்படி வளைந்தது என்பதும் நின்று பார்த்தால்தான் புரிகிறது. இந்த ஊரை வரைந்தவர்கள் மலை இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று பார்க்காமல் காகிதத்தில் கட்டம் போட்டு நேர்கோடாகத் தெருக்களை இழுத்துவிட்டார்கள். இந்த பிளாக்கின் இயற்கையான சரிவு 27 சதவீதம், அதாவது நூறு அடி போவதற்குள் 27 அடி இறங்கும். அந்தக் காலத்துக் கார்கள் அதில் ஏறவும் திணறும், இறங்கவும் பயம். அங்கே சொத்து வைத்திருந்த கார்ல் ஹென்றி என்பவர் வளைத்துப் போடலாம் என்று யோசனை சொல்ல, 1922இல் வளைத்துவிட்டார்கள். நீளம் கூடியதால் சரிவு சுமார் 16 சதவீதமாகக் குறைந்தது. நம் மலைப்பாதைகளில் செய்வதேதான், என்ன, இங்கே ஒரு வீட்டுத்தெருவின் அகலத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டுத்தெரு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வளைவுகளின் இரண்டு பக்கமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்கள் கராஜ் திறப்பது இந்தத் தெருவில்தான். யாரோ வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு குடும்பம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, எனக்கே சங்கடமாக இருந்தது. வருஷத்துக்கு இருபது லட்சம் பேர் வருகிற இடம். 2019இல் முன்பதிவும் கட்டணமும் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது, காருக்கு 5 டாலர், வார இறுதியில் 10 டாலர் என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள். மாநில சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது, ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்ததால் நின்றுபோனது. அந்தச் சனிக்கிழமை வரிசையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், 10 டாலர் வாங்கியிருந்தால் கொடுத்துவிட்டுத் திட்டியிருப்பேன், ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நாங்கள் மூன்றாவது வளைவுப் பக்கம் நின்றபோது ஒரு பெண்மணி கராஜிலிருந்து காரைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். மேலிருந்து வருகிற ஒருவரும் விடவில்லை, எல்லார் கையிலும் போன். மாமனார் சும்மா நின்றுகொண்டிருந்தவர் சட்டென்று ரோட்டில் இறங்கி ஒரு கையை உயர்த்தி மேலே வந்த காரை நிறுத்தினார், இன்னொரு கையால் அந்தப் பெண்மணிக்கு "வா... வா... வா... ஹோல்டான்!" அப்புறம் காரின் பின்பக்கத்தை இரண்டு தட்டு, "ரைட் ரைட்." அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் சரியாக நிறுத்தினார், சரியாகப் போனார், கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டும் போனார்.

படம் எடுக்க ஒரு குறிப்பு. கீழே லெவன்வொர்த் முனையில் நின்று மேல் நோக்கி எடுத்தால்தான் எட்டு வளைவும் மடிப்பு மடிப்பாக விழும். கேமரா மேற்கே பார்க்கும், அதனால் காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்து பூ மேல் அடிக்கும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், தெரு நிழலாகிவிடும். மேலிருந்து கோபுரத்தோடு சேர்த்து எடுப்பதற்கு மாலைதான் சரி. ரோட்டு நடுவில் நின்று எடுக்கிறவர்களை நிறையப் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம். காரில் வந்தே ஆக வேண்டும் என்றால் தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள், சரிவில் நிறுத்தும்போது முன் சக்கரத்தை இறக்கம் பார்த்து நிறுத்தினால் நடைபாதை ஓரத்துக்கும், ஏற்றம் பார்த்து நிறுத்தினால் ரோட்டுப் பக்கமும் ஒடித்து வைப்பது இங்கே சட்டம், இல்லாவிட்டால் அபராதம். (டயருக்குக் கல் வைத்தே பழகிய மாமனார் இந்தச் சட்டத்தை ரொம்பவே பாராட்டினார்.) வண்டிக்குள் பை, ஜாக்கெட், சார்ஜர் என்று எதையும் கண்ணில் படும்படி விடாதீர்கள். நாங்கள் நடந்த வழியிலேயே இரண்டு இடத்தில் நடைபாதை ஓரம் கண்ணாடித் தூள் மின்னிக்கொண்டு கிடந்தது. கழிப்பறையும் இந்த பிளாக்கில் எதிர்பார்க்க வேண்டாம், முன்பே முடித்துவிட்டு வாருங்கள்.

உயரம் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஹைட் தெருவிலேயே தெற்கே இரண்டு பிளாக் நடந்தால் பில்பர்ட் தெரு. அங்கேயும் ஹைட்டுக்கும் லெவன்வொர்த்துக்கும் நடுவில்தான், சரிவு 31.5 சதவீதம். வளைக்கவே இல்லை, நேராக விட்டுவிட்டார்கள். உச்சியில் நின்றால் ரோடு முடிந்துபோன மாதிரி இருக்கும், இன்னும் இரண்டு அடி முன்னால் போனால்தான் கீழே ரோடு தெரியும். வரிசை இல்லை, பூ இல்லை, நாங்கள் நின்ற பத்து நிமிஷத்தில் வேறு டூரிஸ்ட் ஒருவர் கூட வரவில்லை. ஒரு டெலிவரி வண்டி இறங்கியது, பையன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடுத்த பிளாக் யூனியன் தெரு, முனையில் ஸ்வென்சென்ஸ் ஐஸ்கிரீம் கடை, 1948இல் ஆரம்பித்த முதல் கடையே இதுதான். குளிரில் ஐஸ்கிரீமா என்று மனைவி முறைத்தாள், பிறகு பாதியை அவள்தான் சாப்பிட்டாள்.

'உலகத்திலேயே வளைந்த தெரு' என்கிற பட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். இதே ஊரில் பொட்ரேரோ ஹில்லில் வெர்மான்ட் தெரு என்று ஒன்று, 20ஆம் தெருவுக்கும் 22ஆம் தெருவுக்கும் நடுவே ஏழு வளைவு, ஆனால் ஒவ்வொன்றும் இதைவிட நெருக்கம். கான்கிரீட் தளம், செங்கல் இல்லை, ஹைட்ரேஞ்சியா இல்லை, படம் எடுத்தால் சுமார்தான். கடைசி நாள் விமான நிலையம் போகும் வழியில் அங்கே இறங்கினோம். முன்னால் கார் இல்லை, பின்னால் கார் இல்லை, செல்பிக்காரர்கள் இல்லை. மாமனார் இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, ஒவ்வொரு வளைவிலும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார், ஐந்தாவதில் "இப்ப ஒடிங்க" என்றார், ஒடித்தேன்.