ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை: 22,400 ரூபாயும் ஆறு வார நிம்மதியும் போயிற்று

நேற்று மாலைதான் அரசு மருத்துவமனையிலிருந்து திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல இன்னொரு பெண் 22,400 ரூபாயைப் பறிகொடுக்கக் கூடாது. ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது என்றும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அடுத்த முறையாவது எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற பயத்தில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு செயலியில் 'டார்ச்' என்ற பரிசோதனைத் தொகுப்புக்கு 4,800 ரூபாய் கட்டினேன். ரூபெல்லா, ஹெர்பிஸ் உள்ளிட்ட சில தொற்றுகளுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அது. ஹெர்பிஸ் என்பது உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் வைரஸ். மருத்துவர் யாரும் எழுதித் தரவில்லை. தாய்மைக்குத் தயாராகும் பெண்கள் எல்லாரும் செய்துகொள்ள வேண்டியது என்று போட்டிருந்தார்கள், நம்பிவிட்டேன்.

மறுநாள் இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் அறிக்கை வந்தது. ஹெர்பிஸுக்கான ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி 1.3, பாசிட்டிவ். சிவப்பு எழுத்து. கணவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

காலை எட்டு மணிக்கெல்லாம் அவர்களுடைய ஆலோசகர் அழைத்தார். அப்படியொரு கனிவான குரல். "என் தங்கையாக நினைத்துச் சொல்கிறேன் மேடம். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாதீர்கள், தப்பாக நினைப்பார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். கரு கலைந்த நாளிலிருந்து என்னிடம் அப்படிச் சொல்ல ஒருவர் வரமாட்டாரா என்று ஏங்கியிருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

கணவருக்கும் பார்த்துவிடச் சொன்னார். அதற்கு 3,600 ரூபாய். அவருக்கு ஹெர்பிஸ் இரண்டாம் வகைக்கான, அதாவது பெரும்பாலும் உடலுறவில் பரவும் வகைக்கான, ஐஜிஜி என்ற இன்னொரு ஆன்டிபாடி 1.6, அதுவும் பாசிட்டிவ். இரண்டு அறிக்கைகளையும் வைத்து ஆலோசகர் ஒரு கதை கட்டினார். ஐஜிஎம் என்றால் புதிய தொற்றாம். ஐஜிஜி என்றால் பழையதாம். "சாருக்கு நெடுநாளாக இருக்கிறது. அவரிடமிருந்துதான் உங்களுக்கு இப்போது வந்திருக்கிறது. கரு கலைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்."

அன்று இரவு என் கணவரிடம் நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். அவர் தன் அம்மா மேல் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. மூன்று வாரம் அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். அதற்கு நடுவில்தான் 'ரத்தத்திலிருந்து வைரஸை நீக்கும்' மூன்று மாத மாத்திரைக்கு 14,000 ரூபாய் அனுப்பினேன். மொத்தம் 22,400.

கடைசியில் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குக் கூச்சத்தை விட்டுப் போனேன். அங்கிருந்த மருத்துவர் அம்மா என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். "சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வருமாம்மா?" என்றார். வரும். பாட்டி அதை அக்கி என்று சொல்லிக் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவி எழுதுவித்திருக்கிறார். அக்கி சின்னம்மை வைரஸால் வருவது, எனக்கு வந்தது ஹெர்பிஸ் முதல் வகை என்றார் மருத்துவர். உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அது இருக்கிறதாம். இரண்டாம் பக்கத்தில் அதுதான் இருந்தது: முதல் வகை ஐஜிஜி பாசிட்டிவ், இரண்டாம் வகை 0.3, நெகட்டிவ். அந்தப் பக்கத்தைப் பற்றி ஆலோசகர் ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை.

ஐஜிஎம் எந்த வகை ஹெர்பிஸ் என்று பிரித்துச் சொல்லாது. பழைய தொற்று மீண்டும் தலைகாட்டினாலும் வரும். தொற்றே இல்லாமலும் வரும். அதை வைத்து ஹெர்பிஸைக் கண்டறிய வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். கணவரின் 1.6-ம் முடிவான சொல் அல்ல. அந்தப் பரிசோதனையில் 1.1-க்கு மேல் பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். ஆனால் 3-க்குக் கீழே வருவதில் பொய் பாசிட்டிவ் நிறைய. வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று அதே மையம் 2021-இல் சொல்லியிருக்கிறது. உண்மையாகவே இருந்தாலும் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆன்டிபாடியும் சொல்லாதாம். இதைக் கேட்டபோது எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. மூன்று வாரம் அந்த மனிதர் தரையில் படுத்திருந்தார்.

மருத்துவர் மாத்திரைப் புட்டியைப் பார்த்தார். மருந்து உரிம எண்ணே இல்லை, உணவுப் பொருளுக்கான எண் மட்டும். ஹெர்பிஸை உடலைவிட்டு நீக்கும் மருந்து இதுவரை கிடையாது. அசைக்ளோவிர் போன்றவை புண்ணை அடக்கும், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அந்த ஆலோசகரை அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை. செயலியின் உதவி எண்ணில் இருபது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண், "பரிசோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது மேடம்" என்றார். மாத்திரை? "அது எங்கள் பிரிவு அல்ல." யாருடைய பிரிவு? "மின்னஞ்சல் அனுப்புங்கள்." அனுப்பினேன். புட்டியைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாது என்றும், மருத்துவரைக் கலந்துகொள்ளவும் என்று அறிக்கையின் அடியில் போட்டிருக்கிறது என்றும் பதில் வந்தது. கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறது. என் 22,400 ரூபாய்க்கு அவர்கள் தந்த பதில் அந்த இரண்டு வரி.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். புண் இருந்தால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள், புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனை, பார்க்கச் சொல்லுங்கள். புண் எதுவும் இல்லாமல் சும்மா பார்க்காதீர்கள். ஐஜிஎம் விற்றால் வாங்காதீர்கள். தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து ஐஜிஜி; அதற்கு முன் வரும் நெகட்டிவை நம்ப முடியாது. எண்ணைப் பாருங்கள், சிவப்பு எழுத்தை அல்ல. பரிசோதனை செய்தவரே மருந்து விற்றால் அழைப்பைத் துண்டியுங்கள்.

கணவருக்கு மறுபரிசோதனைக்கு நேற்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இன்று காலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 8,400 ரூபாய்க்கு ரசீது இருக்கிறது. மாத்திரைக்கான 14,000-க்கு ரசீது தரவில்லை. வங்கிக் கணக்கில் பணம் போன விவரம் இருக்கிறது, அதை அச்செடுக்க இப்போது கிளம்புகிறேன்.