ராக் கிராலருக்கு வலுவான ஸ்டியரிங் சர்வோ: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பாறைகளின் மேல் மெதுவாக ஏற்றி ஓட்டும் ரிமோட் மாதிரி வண்டிதான் ராக் கிராலர். அதில் மற்ற எந்தப் பாகத்தையும்விட முன்னதாகக் களைத்துப்போவது, முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் தொகுதியான ஸ்டியரிங் சர்வோதான். வண்டியுடன் வரும் சர்வோ சமதரையிலும் சிறு கற்களிலும் குறை சொல்ல இடமின்றி வேலை செய்யும். முன் சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, அந்த நிலையிலேயே அதைத் திருப்பியாக வேண்டும் என்ற கட்டம் வரும்போதுதான் அதன் வலு போதாது என்பது தெரியும். 1/10 அளவு கிராலர் ஒன்றைச் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் சில ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். இந்தக் காலத்தில் பல வகை சர்வோக்களை மாற்றிப் பார்த்ததில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கிலோ எண்ணை மட்டும் வைத்து சர்வோ வாங்கக் கூடாது என்ற முடிவுக்கு உறுதியாக வந்திருக்கிறேன். சர்வோவையும், பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிஇசி என்னும் சுற்றையும், அதன் அச்சில் மாட்டும் ஹார்ன் என்னும் சிறு கையையும், அது பொருந்தும் தாங்கியையும் ஒரே தொகுப்பாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிராலரில், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் பூட்டப்பட்டிருப்பதால் திருப்பத்தில் இரு முன் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும். அதனால் டயர் தரையைத் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டியிருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்னால் கவிழாமல் இருக்கப் பித்தளை எடைகளை முன் அச்சில் சேர்க்கிறோம். அந்த எடையும் சர்வோவின் தலையில்தான் விழுகிறது. நம் ஊர்ப் பாறையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் வெளித்தெரிவது சார்னோகைட் என்னும் மிகக் கடினமான பாறை. உடைந்த சார்னோகைட்டின் சொரசொரப்பான முகத்தில் மென்மையான டயர் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஏறுவதற்கு அது பெரிய உதவி. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்புவதற்கோ அதே பிடிப்பு எதிராக நிற்கிறது.

25 கிலோ சர்வோ என்றால், அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 25 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தந்து, அதற்குமேல் நகர முடியாமல் நின்றுவிடும் என்று பொருள். ஹார்னில் இணைப்புத் துளை 2.5 செ.மீ. தள்ளி இருந்தால், சக்கரத்தைத் தள்ளும் இணைப்புக் கம்பிக்குக் கிடைப்பது 10 கிலோ. அதையே 2 செ.மீ. துளைக்கு மாற்றினால் 12.5 கிலோ. சக்கரம் முழுக் கோணம் வரை திரும்பும் என்றால், உள்பக்கத் துளையைப் பயன்படுத்துவதே நல்லது. செலவில்லாமல் வலு கூடும். ஹார்ன் அலுமினியத்தில், திருகு வைத்து இறுக்கும் வகையாக இருக்க வேண்டும். அதிர்ச்சியிலிருந்து சர்வோவைக் காக்க ஸ்பிரிங் வைத்துச் செய்த ஹார்னான பிளாஸ்டிக் சர்வோ சேவரைக் கிராலரில் வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. சர்வோ தரும் வலுவில் பெரும்பகுதி அதன் ஸ்பிரிங்கை வளைப்பதிலேயே போய்விடுகிறது. ஹார்ன் வாங்கும்போது பல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலானவை 25 பல் கொண்டவை என்றாலும் 23, 24 பல் உள்ளவையும் இருக்கின்றன. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் பொருந்தாது.

அடுத்தது மின்சாரம். என் அனுபவத்தில் சர்வோ பற்றிய புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் மின்சாரம் பற்றிய புகார்கள். பெட்டியில் இருக்கும் பெரிய எண் எப்போதும் அந்த சர்வோ தாங்கும் மிக உயர்ந்த வோல்ட்டுக்கு உரியது. மோட்டாரின் நிறுத்த முறுக்குவிசை (நகர முடியாமல் நிற்கும்போது தரும் வலு) ஏறக்குறைய வோல்ட்டுக்கு ஏற்பக் கூடிக் குறைவதால், 7.4 வோல்ட்டில் 35 கிலோ தரும் சர்வோவை 6 வோல்ட்டில் ஓட்டினால் கிடைப்பது 28 கிலோ அளவுதான். இதைவிடப் பெரிய சிக்கல் ஆம்பியர். இந்த வகை சர்வோ சிக்கி நிற்கும் தருணத்தில் 4, 5 ஆம்பியர் வரைகூட இழுக்கக்கூடும். வண்டியை ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி 3 ஆம்பியருக்கானது என்றால் அந்த நொடியில் வோல்ட் சரிந்து, ரிமோட்டின் சிக்னலைப் பெறும் ரிசீவர் அணைந்து மீண்டும் உயிர்பெறும். வெளியே பார்ப்பவருக்கு வண்டி திடீரெனச் செயலற்று நின்று, பிறகு தானாக விழித்துக்கொள்வது போலத் தோன்றும். பாறையின் பாதி உயரத்தில் இது நடந்தால் வண்டி உருண்டு கீழே வரும்.

ஆகவே தனி பிஇசி ஒன்று வைப்பதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. வலுவான சர்வோவின் விலையில் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சர்வோவின் சிவப்புக் கம்பியை ரிசீவரிலிருந்து பிரித்து பிஇசியின் வெளியீட்டில் இணைத்து, சிக்னல் கம்பியை மட்டும் ரிசீவரில் விட்டு, கறுப்புக் கம்பியை இரண்டுக்கும் பொதுவாக வைக்க வேண்டும். கறுப்புக் கம்பி பொதுவாக இல்லையென்றால் சிக்னல் சரியாகப் போய்ச் சேராமல் சர்வோ நடுங்கும். இப்படிச் செய்தால் சர்வோவுக்கு 7.4 வோல்ட்டும், ரிசீவருக்கு அது தாங்கும் வோல்ட்டும் தனித்தனியே கிடைக்கும். இரண்டு செல் கொண்ட 2எஸ் லிபோ பேட்டரியிலிருந்து நேரடியாக இணைக்க விரும்புவோர், முழு சார்ஜில் அது 8.4 வோல்ட் இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, அந்த அளவைத் தாங்கும் சர்வோவையே வாங்க வேண்டும். 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட் வரை போகும். அதற்கெனவே செய்யப்பட்டவை தவிர மற்றவை உடனே எரிந்துபோகும்.

சென்னையில் சர்வோ தேடுவோர் பெரும்பாலும் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத்தான் போகிறோம். கல்லூரி மாணவர்களின் ரோபோ புராஜெக்ட்டுகளுக்காக அங்கே விற்கப்படும் டிஎஸ்3218, டிஎஸ்3225, டிஎஸ்3235 போன்றவை கிராலருக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. விலைக்கு ஏற்ற வலுவைத் தருகின்றன. ஆனால் இவை 180 டிகிரி, 270 டிகிரி என இரு வகையில் வருகின்றன. ஸ்டியரிங்குக்கு 180 டிகிரி வகையைக் கேட்டு வாங்குங்கள். 270 டிகிரி வகையில் ரிமோட்டின் அதே அசைவுக்கு ஹார்ன் ஒன்றரை மடங்கு திரும்பும். ரிமோட்டில் திருப்பத்தின் எல்லையை வரையறுக்கும் என்ட் பாயின்ட்டை வெகுவாகக் குறைத்தால்தான் அதை ஓட்ட முடியும், அப்படிக் குறைக்கும்போது திருப்பத்தின் நுணுக்கமும் குறைந்துபோகிறது. எம்ஜி996ஆர் என்ற பழகிய சர்வோ 6 வோல்ட்டில் 11 கிலோ தருவதாகக் குறிக்கப்படுவது. இலகுவான வண்டிக்குப் போதும், பித்தளை எடை ஏற்றிய வண்டிக்குப் போதாது.

கியர் உலோகத்தால் ஆனது என்ற ஒரு சொல்லோடு திருப்தி அடைய வேண்டாம். பித்தளைக் கியரும் உலோகக் கியர்தான். பெயர் சொல்ல வேண்டாத ஒரு மலிவு சர்வோ, 60 கிலோ என்று அச்சிடப்பட்டிருந்தது, வெகு சீக்கிரத்தில் நடுப்புள்ளியில் தளர்ந்து ஆடத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது கடைசிக் கியரின் பற்கள் தேய்ந்து கூர்மையாகியிருந்தன. எஃகுக் கியர் கொண்ட 25 கிலோ சர்வோ அதைவிட நெடுநாள் உழைக்கிறது. அந்தச் சிறிய எண்ணையே நான் விரும்புகிறேன்.

உடற்பகுதி அலுமினியமாக இருப்பதும் நம் வெயிலுக்கு அவசியம். அக்கினி நட்சத்திரக் காலத்தில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, பாறையின் மேல் நிற்கும் வண்டியின் சர்வோ தன் சூட்டை வெளியேற்ற வழி தேடுகிறது. நடுப்பகுதியாவது அலுமினியமாக இருந்தால் மோட்டாரின் சூடு அதன் வழியே வெளியே போகும். என்ட் பாயின்ட்டைச் சரியாக வைப்பதும் இதோடு சேர்ந்ததே: சக்கரம் முட்டி நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருந்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அந்த ஓசை அடங்கும் வரை அளவைக் குறைக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 60 டிகிரிக்கு 0.15 நொடி என்பது கிராலருக்கு வேண்டியதைவிட அதிகம்.

தாங்கியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் தாங்கியில் வலுவான சர்வோவைப் பொருத்தினால் சக்கரம் திரும்புவதற்கு முன் தாங்கி வளைகிறது. அதை நேரில் பார்க்கலாம். சேசிஸில் சர்வோ பொருத்தப்படும் வண்டிகளில் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்டு கம்பியும், சர்வோவைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கும் இணையாகவும் ஏறக்குறைய சம நீளத்திலும் இருக்க வேண்டும். இல்லையெனில் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும், பழி சர்வோவின் மேல் விழும்.

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஓட்டுவோருக்கு ஒரு வார்த்தை. நீர் புகாத சர்வோ என்பது உப்பு நீர் அரிக்காத சர்வோ என்று ஆகாது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தி, ஹார்ன் திருகிலும் வெளியச்சின் ஓரத்திலும் சிறிது கிரீஸ் தடவிவிடுவது என் வழக்கம். உடற்பகுதித் திருகுகள் எஃகு என்பதால் முதலில் துருப்பிடிப்பவை அவைதான். அவற்றைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளாக மாற்றிக்கொண்டால் பின்னாளில் கியர் மாற்றத் திறப்பது எளிது. மாற்றுக் கியர் தொகுப்பு தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால் சர்வோ வாங்கும் அன்றே அதையும் வாங்கி வைத்துவிடுங்கள். அதே மாடல் அடுத்த முறை கடைக்குப் போகும்போது இருப்பில் இருக்கும் என்று நம்ப முடிவதில்லை.